விவசாயப் புத்தகத்தைப் பார்த்து நாற்பது பேர்ச்சில் கோவா போட்டேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துத் தம்பி ஒருவன், கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவன், கையில் ஒரு புத்தகத்தோடு வந்து, "அண்ணே, இதுல போட்டிருக்கிற மாதிரி செஞ்சா ஏக்கருக்கு இவ்வளவு வருமாம், நீங்க செஞ்சு பாத்தீங்கதானே" என்று கேட்டான். நான் வாங்கின அதே புத்தகம் இல்லை, ஆனால் அதே மாதிரிதான். அட்டையில் பச்சை வயல், சிரிக்கிற விவசாயி, உள்ளே அத்தியாயத்துக்கு ஒரு பயிர், ஒவ்வொன்றின் கடைசியிலும் வரவு செலவு அட்டவணை. அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினேன். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அம்மாவின் சங்கிலி இன்றைக்கு வங்கியில் கிடக்காது.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்த கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். நுவரெலியாப் பக்கம் எங்கள் ஊர் நானுஓயாவுக்குத் திரும்பி வந்து இரண்டு வருசம் கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனேன். அந்தக் காலத்தில்தான் விவசாயத் தொழில் பற்றிய புத்தகங்களை வாங்க ஆரம்பித்தேன். மூன்று புத்தகங்கள், எல்லாம் தமிழ்நாட்டில் அச்சானவை, தபால் செலவோடு 4,600 ரூபாய். இரவில் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து அடிக்கோடு போட்டுப் படித்தேன். எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகத் தேயிலையில் இருக்கிறது, ஆனால் கொழுந்து என்ன விலைக்குப் போகிறது, தொழிற்சாலைக்கு என்ன செலவு என்று எங்கள் யாருக்கும் ஒருநாளும் கணக்கு காட்டினது இல்லை. முதல் தடவையாக ஒரு புத்தகம் வரவையும் செலவையும் தமிழில் என் முன்னால் விரித்து வைத்தது. அதைப் படித்தபோது மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது. அதனால்தான் அவ்வளவு நம்பினேன். நம்ம மொழியில் இருக்கிறது, அப்படியென்றால் நமக்காக எழுதினதுதான் என்று மனசு எடுத்துக்கொண்டது. என் நட்டம் அந்த இடத்தில் தொடங்கினது.

பக்கத்தில் மரக்கறி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டார்கள் என்று ஒரு எண்ணம், ஓ.எல். (பதினோராம் வகுப்பு) வரை படித்தவன் புத்தகம் இருக்கும்போது ஏன் கேட்க வேண்டும் என்று இன்னொரு எண்ணம். அம்மாவின் சங்கிலியையும் இரண்டு காப்பையும் அடகு வைத்து 1,80,000 எடுத்தேன். என் சேமிப்பு 95,000 இருந்தது. ஒரு சிங்கள மாமாவிடம் நாற்பது பேர்ச் நிலத்தை ஒரு போகத்துக்கு 35,000 ரூபாய்க்குக் குத்தகைக்கு எடுத்தேன், கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட.

முதல் அடி அளவில் விழுந்தது. புத்தகத்தில் எல்லாம் ஏக்கர், சென்ட் கணக்கு. ஒரு ஏக்கர் நூறு சென்ட். நம்ம நாட்டில் ஒரு ஏக்கர் நூற்று அறுபது பேர்ச். "நாற்பது சென்ட் நிலத்துக்கு" என்று ஒரு அட்டவணை இருந்தது, என் நிலம் நாற்பது பேர்ச், நாற்பதும் நாற்பதும் ஒன்றுதான் என்று அப்படியே எடுத்துக்கொண்டேன். உண்மையில் நாற்பது பேர்ச் என்பது கால் ஏக்கர், வெறும் இருபத்தைந்து சென்ட். ஒன்றரை மடங்குக்கும் கூட வாங்கிவிட்டேன். 6,400 நாற்று, ஒன்று ஆறு ரூபாய்ப்படி 38,400. நடும்போது நாலாயிரத்துக்கு மேல் இடமே இல்லை. மிச்சம் 2,400 நாற்றும் தட்டிலேயே வாடினது, அதில் மட்டும் 14,400 ரூபாய். பசளையும் அதே கணக்கில்தான் வாங்கினேன், மிஞ்சினதை வீணாக்க மனசில்லாமல் கடைசியில் எல்லாவற்றையும் அந்த மண்ணிலேயே போட்டேன். அது நாற்று வாடினதைவிடப் பெரிய தப்பு, அதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் எந்தப் புத்தகம் எடுத்தாலும் சென்ட் என்று கண்ட இடத்தில் பென்சிலால் பேர்ச் எழுதுங்கள். ஐந்து சென்ட் என்றால் எட்டு பேர்ச், அந்த ஒரு கணக்கை மனசில் வைத்தால் போதும்.

அப்புறம் காசு. இந்திய ரூபாயில் இருந்த செலவு வரிகளையெல்லாம் மூன்றரையால் பெருக்கினேன், அதுதான் இலங்கைச் செலவு என்று நினைத்தேன். அன்றைய நாணய மாற்றுக் கணக்கு சரிதான், ஆனால் பொருளின் விலை அப்படி மாறுவதில்லை. இந்தியாவில் அரசாங்கம் மானியம் கொடுத்து 45 கிலோ யூரியா மூட்டையை 270 ரூபாய்க்கும் குறைவாக விற்கவைக்கிறது. அதை மூன்றரையால் பெருக்கினால் ஆயிரத்துக்குள் வரும். நம்ம ஊர்க் கடையில் அந்த விலைக்கு யூரியாவைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள், அந்த வருசக் கடைசியில் தடையை எடுத்தார்கள், அதற்கடுத்து ரூபாய் விழுந்தது. அந்த அலையெல்லாம் அடித்த பிறகுதான் நான் கடைக்குப் போய் நிற்கிறேன், கையில் எந்த அலையும் தெரியாத புத்தகம். பசளைக்கு 48,000, கோழி எருவுக்கு 30,000. நான் ஒதுக்கி வைத்திருந்தது இரண்டுக்கும் சேர்த்து 25,000. கடையில் நிற்கும்போதே தலை சுற்றியது, ஆனால் நிலத்தைக் கொத்தியாகிவிட்டது, நாற்றுக்குச் சொல்லியாகிவிட்டது, பின்வாங்க வழியில்லை. ஆகவே பெருக்காதீர்கள். அட்டவணையில் இருக்கிற பொருள்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நிலத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னால், கடைக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலை கேட்டு எழுதுங்கள். ஒரு காலைப்பொழுது போகும், அவ்வளவுதான்.

கடையில் இன்னொன்றும் நடந்தது. புத்தகத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று எழுதியிருந்தது. நான் போய் மணிச்சத்து கேட்டேன். கடைக்காரர் தமிழர்தான், அவருக்கு விளங்கவில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்று படித்தவர்கள், கடையில் யூரியா, டி.எஸ்.பி., எம்.ஓ.பி. என்று வாங்குகிறவர்கள். அவர்கள் உரம் என்பதை நாம் பசளை என்கிறோம், அவர்களுடைய முட்டைக்கோஸ் நம்முடைய கோவா. இதெல்லாம் சின்ன விசயம் என்று தாண்டிப் போனேன். சொல்லே இவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்றால் மண்ணும் மழையும் எவ்வளவு மாறியிருக்கும் என்று அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மழையைச் சொல்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று புத்தகம் சொன்னது. அம்மாவும் அந்தப் பழமொழியைச் சொல்வார், நம்ம முன்னோர்கள் கொண்டுவந்த பழமொழிதானே. ஆனால் ஆடியில் நானுஓயாவில் என்ன நடக்கும் என்று இங்கே பிறந்த எனக்குத் தெரியாதா? தென்மேற்குப் பருவமழை மலையின் இந்தப் பக்கத்தில் அடித்து ஊற்றுகிற மாதம் அது. வெலிமடைப் பக்கம் அதே நேரம் காற்றும் வெயிலுமாக இருக்கும், இருபது முப்பது கிலோமீட்டரில் காலநிலையே மாறிவிடும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் எழுதின பட்டத்தை நான் நானுஓயாவில் நட்டேன். மூன்று வாரம் வெயிலையே பார்க்காமல் நாற்று நின்றது.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு மதியம் பார்க்கிறேன், மண் ஈரமாக இருக்கிறது, செடியெல்லாம் தண்ணீர் இல்லாத மாதிரி துவண்டு கிடக்கிறது. சாயந்தரம் நிமிர்ந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. புத்தகத்தைத் திறந்தேன். இலை வெளிறினால், வளர்ச்சி குன்றினால் தழைச்சத்துக் குறைவு என்று போட்டிருந்தது. மிஞ்சியிருந்த யூரியா முழுவதையும் போட்டேன். மருந்துக் கடையில் சொன்ன இரண்டு மூன்று மருந்துகளையும் அடித்தேன். மருந்துக்கு மட்டும் 41,000 போனது. ஒன்றுக்கும் கேட்கவில்லை. இரவில் தூக்கம் வராது, விடிகிறதுக்கு முன்னால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் பாத்தியில் நிற்பேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் பக்கத்து நிலத்தில் லீக்ஸ் செய்கிற பெரியவர்தான் வரப்பில் நின்று, "தம்பி, ஒன்னைப் பிடுங்கிப் பாரு" என்றார். பிடுங்கினேன். வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டு முண்டாக வீங்கியிருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினேன், அதுவும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கிளப் ரூட் என்கிற நோய். மண்ணில் இருக்கிற கிருமி, வேருக்குள் போய் வீங்கவைக்கும், செடியால் தண்ணீர் இழுக்க முடியாது, அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே வாடுகிறது. புளித்த மண்ணும் நிறைய ஈரமும் அதற்குப் பிடித்த இடம். நான் இரண்டையும் கொடுத்திருக்கிறேன். வந்த பிறகு அந்தப் பயிருக்கு மருந்து இல்லை. கிருமி வருசக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும், மண்வெட்டியிலும் சப்பாத்திலும் மேட்டு நிலத்து மழைத் தண்ணீரிலும் பரவும். பெரியவர் அமைதியாகச் சொன்னார், அந்த நிலத்தில் எனக்கு முன்னால் மூன்று போகம் தொடர்ந்து கோவாதான் போட்டிருந்தார்களாம். நான் குத்தகை பேசும்போது தண்ணீர் வசதி கேட்டேன், வழி கேட்டேன், முன்னால் என்ன பயிர் இருந்தது என்று கேட்கவில்லை. இதை ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். கோவா, நோக்கோல், பூக்கோவா, றாபு எல்லாம் ஒரே குடும்பம், இந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். அவை இருந்த நிலத்தில் போஞ்சி, கரட், லீக்ஸ் என்று மாற்றிப் போட வேண்டும்.

அடுத்த வாரம் மண்ணை எடுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதித்தேன். பி.எச். 4.9. மண்ணின் புளிப்பைக் காட்டுகிற எண் அது, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு அருமையான மண், 4.5இலிருந்து 5.5 வரை தேயிலைக்குப் பொருத்தம். கோவாவுக்கு ஆறுக்கு மேல் வேண்டும். நடுவதற்குச் சில வாரம் முன்னாலேயே டொலமைட் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை இறக்கியிருக்க வேண்டும். என் புத்தகத்தில் சுண்ணாம்பு பற்றி ஒரு வரியும் இல்லை. சமவெளியில் பல இடங்களில் பிரச்சினையே நேர்மாறு, உப்பும் காரமும் கூடின உவர் மண், களர் மண். களர் மண்ணுக்கு ஜிப்சம் போடச் சொல்லி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. எழுதினவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் மண்ணுக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

எங்கள் தாத்தாவின் தம்பி குடும்பம் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது. அவர் பேரன் அங்கே கரட்டும் கோஸும் போடுகிறான். எனக்குத் தம்பி முறை, வருசத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்குப் பேசுவோம். அன்றைக்கு அவனுக்கு போன் எடுத்து வேரின் படத்தையும் அனுப்பினேன். பார்த்தவுடனே, "என்ன அண்ணா, சுண்ணாம்பு போடாமயா கோஸ் வெச்சீங்க? எங்க மண்ணும் புளிப்பு மண்ணுதான், சுண்ணாம்பு இல்லாம நாங்க கை வைக்கமாட்டோமே" என்றான். போனை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். என் மண்ணைப் போன்ற மண்ணில், என் சொந்த இரத்தம், இதையே செய்துகொண்டிருக்கிறது, நான் அவனைக் கேட்காமல் சமவெளிப் புத்தகத்துக்கு 4,600 கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் புத்தகம் வாங்குவதென்றால் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ எழுதினதா என்று பாருங்கள்.

என் புத்தகத்திலும் மலையைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது, அதுதான் என்னை அதிகம் ஏமாற வைத்தது. மலைப்பகுதியில் விளைச்சல் இரண்டு மடங்கு, ஏக்கருக்கு 25 டொன் வரை என்று. செலவை சமவெளி அட்டவணையில் இருந்து எடுத்தேன், விளைச்சலை அந்த மலை வரியில் இருந்து எடுத்தேன். நாற்பது சென்ட்டுக்கு 10 டொன். நுவரெலியா டவுனில் அன்றைக்குக் கோவா கிலோ 240, கவனமாக இருக்கிறேன் என்று பாதியாக 120 போட்டேன். பன்னிரண்டு இலட்சம் வந்தது. அதையும் பாதியாக்கி ஆறு இலட்சம் என்று அம்மாவிடம் சொன்னேன். பாதி பாதியாகக் குறைத்தால் அது கவனம் என்று நினைத்தேன். ஒரே வரியில் இருக்கிற செலவையும் விளைச்சலையும் விலையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் எடுத்தால் அது யாருடைய கணக்கும் இல்லை.

விற்பனை அத்தியாயம் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். உழவர் சந்தைக்குக் கொண்டுபோய் நேரடியாக விற்கலாம் என்று. தமிழ்நாட்டில் 1999இல் தொடங்கின நல்ல ஏற்பாடு அது, விவசாயியே தராசு வைத்து விற்கலாம், தரகு இல்லை. நம்ம நாட்டில் அதே 1999இல் தம்புள்ளைப் பொருளாதார நிலையம் என்கிற மரக்கறி மொத்தச் சந்தை வந்தது, ஆனால் அங்கே விற்பது வேறு மாதிரி. மூட்டை கட்டி லொறியில் ஏற்றி, நுவரெலியாவுக்கோ தம்புள்ளைக்கோ பெலியகொடைக்கோ போய், கமிஷன்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டும். விலை சாமான் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். ஒக்டோபரில் மூன்று தடவையாக ஏற்றினேன். நைதரசன் கூடிப்போனதால் உருண்டை இறுகாமல் தளர்வாக இருந்தது, மழையில் அழுகல் வேறு. கமிஷன் கடை முதலாளி ஒரு மூட்டையைத் திறந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "மல்லி, மேக பஹ" என்றார், தம்பி, இது சரிவராது என்று. நல்ல கோவாவுக்கு அன்றைக்கு அதைவிட விலை போனது, எனக்குக் கிலோ 55. மொத்தம் 1,900 கிலோ. 1,04,500 வந்தது, பத்து சதவீதம் கமிஷன் 10,450 பிடித்தார்கள், கையில் 94,050.

செலவு: குத்தகை 35,000, நிலம் கொத்த 24,000, நாற்று 38,400, பசளை 48,000, எரு 30,000, மருந்து 41,000, கூலி 36,000, சாக்கும் லொறியும் 19,000. மொத்தம் 2,71,400. கைக்காசு நட்டம் 1,77,350. நான் வேலை செய்த 64 நாளை எந்தப் புத்தகமும் கணக்கில் எடுக்கவில்லை, "குடும்ப உழைப்பு" என்று ஒரு கோடு போட்டு விட்டுவிடுகிறார்கள். அந்த நேரம் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350. அந்தக் கணக்கில் 86,400. சேர்த்தால் 2,63,750, அடகு வட்டி தனி. நம்ம சனங்களின் உழைப்பைச் சும்மா என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று செலவுப் பக்கத்தில் போட்டுவிட்டு, அதற்கு மேல் மிஞ்சினால்தான் இலாபம் என்று சொல்லுங்கள்.

அந்தப் புத்தகத்தை நான் எறியவில்லை. இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். முதலில் அச்சுப் பக்கம், எந்த ஊர், எந்த வருசம். எழுதினவர் விவசாயியா, நாற்றோ மருந்தோ விற்கிறவரா. நட்டப்பட்ட ஒருத்தர் கதையாவது உள்ளே இருக்கிறதா, வெற்றிக் கதை மட்டுமே இருந்தால் காசு போடுவதற்கு அந்தப் புத்தகம் போதாது. அட்டவணையின் தலைப்புகளை மட்டும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி எண்களை நானே நிரப்புகிறேன். நம்ம எண்களும் கிடைக்கின்றன. பேராதனை விவசாயத் திணைக்களம் போகத்துக்குப் போகம் பயிர்ச் செலவுக் கணக்குப் புத்தகம் வெளியிடுகிறது. கொழும்பில் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் மரக்கறி விலைகளை வாராவாரம் போடுகிறது. அதில் கடந்த இரண்டு வருசத்தில் ஆகக் குறைந்த விலை எதுவோ அதை வைத்துக் கணக்குப் பாருங்கள், அந்த விலையிலும் முதல் திரும்பினால் மட்டும் இறங்குங்கள். 1920க்கு போன் எடுத்தால் திணைக்கள ஆட்களிடம் ஆலோசனை கேட்கலாம். கமநல சேவை நிலையத்துக்குப் போனால் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். இலங்கையில் தமிழில் வந்த பழைய விவசாய நூல்களை நூலகம் (noolaham.org) என்கிற இணையத்தளத்தில் காசில்லாமல் படிக்கலாம், விலைகள் பழசு, ஆனால் பேர்ச்சும் பசளையும் போகமும் நம்முடையது.

அந்தத் தம்பி அரை ஏக்கர் எடுக்கப்போகிறேன் என்று வந்தான். பத்து பேர்ச்சில் போஞ்சி போட்டுப் பார் என்றேன், முகம் கொஞ்சம் வாடிவிட்டது, ஆனால் என் கொப்பியை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் வந்து, நிலத்தில் முன்னால் என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்டுவிட்டேன் அண்ணே, உருளைக்கிழங்காம் என்றான். வருகிற செவ்வாய்க்கிழமை அவன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். ஒரே இடத்தில் அள்ளாமல், மேலே கிடக்கிற குப்பையை ஒதுக்கிவிட்டு, ஏழெட்டு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ அளவு பையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பசளை மூட்டை இருந்த பையில் போடாதே என்றும் சொன்னேன்.